அழித்த கோப்பு சொன்ன பச்சை

2005 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, சாப்பாட்டுக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தை வழக்கம்போல் நான்தான் திறந்தேன். குடையை வாசலில் இருந்த வாளிக்குள் நிறுத்தினேன். யன்னலைத் திறந்து, தூறல் உள்ளே அடித்ததால் பாதி மூடினேன். கணினியைப் போட்டேன். அது விழித்தெழுவதற்குள் கேத்தலில் தண்ணீர் கொதித்துவிடும். இரண்டு கோப்பை வெறுந்தேநீர் ஊற்றினேன், ஒன்று எனக்கு, மற்றது ரிஸ்வானுக்கு. ரிஸ்வான் கீழ்க் கடையில் வாங்கிய ரொட்டிப் பொட்டலத்துடன் படியேறி வந்தான். மேசையில் இருந்த இரண்டு தொலைபேசிகளில் முதலாவது அதற்குள் மணியடிக்கத் தொடங்கியிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எங்கள் அன்றைய வேலை விளையாட்டாகத் தோன்றலாம். ஊவா மலைகளில் இருந்த சில தேயிலைத் தோட்டங்களுக்கு மழைமானிகள் கொடுத்திருந்தோம். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்தில், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் மழைமானியைப் பார்த்து எங்களுக்குப் போன் செய்வார். நான் அளவுகளைக் கணினியில் பதிவேன். ரிஸ்வான் பைதன் மொழியில் எழுதிய நிரல் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மண்சரிவு ஆபத்தை ஒரு நிறத்தில் சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் சரிவின் கீழே இருப்பவர்களை உடனே மேலே கொண்டுபோக வேண்டும். நிறத்தை நாங்கள் போனில் சொல்வோம், பிறகு பெக்ஸில், அதாவது தொலைநகலில், தாளாக அனுப்புவோம். தோட்டத்தார் அதை 'பதுளைக் கடுதாசி' என்பார்கள்.

எங்கள் விதி ஒன்று உண்டு. சிவப்பு வராமல் யாரும் ஆட்களை நகர்த்தக் கூடாது. முதல் வருடத்தில் ஆளாளுக்குப் பயந்து, இரண்டு முறை வீணாகக் குடும்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் முறை ஒருவரும் அசையவில்லை. அதனால்தான் அந்த விதியை எழுதினோம். நல்ல விதிதான். அது நல்ல விதி என்பதால்தான் அன்று எங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அன்று காலை எல்லாத் தோட்டத்துக்கும் பச்சை. சில நாட்களாக மழை பெய்துகொண்டே இருந்தது. ஆனால் முந்திய இரவு தூறல்தான். நிறங்களைச் சொல்லி முடித்து, ஆறிப்போன தேநீரை எடுத்தபோது மீண்டும் போன் அடித்தது. செல்வராணி.

செல்வராணி பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. அந்த முற்றத்தில்தான் அவர்களுடைய மழைமானி இருந்தது. அவள் அதைப் 'போத்தல்' என்பாள். ஆடுகள் முட்டாமல் இருக்க அதைச் சுற்றி வேலி கட்டி, வேலியில் பீர்க்கையும் படரவிட்டிருந்தாள். பீர்க்கங்கொடி மழையை மறைக்கும் என்று நான் சொன்னதற்கு, காய் பறித்து முடிந்ததும் வெட்டுவதாக வாக்களித்திருந்தாள். மூன்று முறை காய் பறித்தாகிவிட்டது.

அவளுக்கு செல்போன் புதிது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். ஆகவே அவள் எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவாள்.

"மிஸ், ஒன்னு கேட்டா கோவிச்சுக்குவீங்களா?"

"கேளுங்கோ."

"பச்சைன்னா என்னாங்க அர்த்தம்? புல்லு நல்லா மொளைக்குமுன்னா?"

"செல்வராணி, எனக்கு இங்க வேலை கிடக்கு."

"எனக்கும் கெடக்குங்க. புள்ளைங்களை எம் மூத்தவகிட்ட விட்டுட்டு மேடேறி வந்திருக்கேன். காம்பராவுக்குப் பின்னால, சொவத்தோரமா தண்ணி பூத்துக்கிட்டு வருது மிஸ். நேத்து இல்ல. மழையும் இப்ப இல்ல. ஆனா தண்ணி வருது, கலங்கலா."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஆருக்கும் சொன்னீங்களோ?"

"தொரைகிட்ட கங்காணி போய்ச் சொன்னாரு. தொரை பதுளைக் கடுதாசியை எடுத்து ஆட்டிக் காட்டுனாராம். 'பச்சை, பாரு'ன்னு. எங்களுக்கென்னாங்க, மண்ணுக்குக் கடுதாசி படிக்கத் தெரிஞ்சா சரி."

பிள்ளைக் காம்பராவும் அதற்கு அடுத்து இருந்த பணிய லயமும் ஒரே சரிவின் அடியில் இருந்தன. தோட்டத்தில் 'பணிய' என்றால் கீழே, 'லயம்' என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்தில் வேலைக்குப் போகாத முதியவர்களும், பேறுகாலத்துக்காக வந்திருந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். காம்பராவில் குழந்தைகள். அவர்களை அங்கே பிடித்து வைத்திருந்தது மழை இல்லை. எங்கள் பச்சை.

நான் செல்வராணியிடம் போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு ரிஸ்வானைப் பார்த்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ரொட்டியின் பாதி அவன் கையில் அப்படியே இருந்தது.

"மிஸ், அந்தத் தோட்டத்துக்கு எப்படிப் பச்சை வரும்? அஞ்சாறு நாளா விடாமப் பேயுதே. கூட்டினா சிவப்பு வரணுமே."

'கூட்டினா' என்று அவன் சொன்னது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் எங்கள் நிரல் ஒரு நாள் மழையை மட்டும் பார்த்தது. மலை அப்படிச் சரிவதில்லை. நாட்கணக்காகத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு தூறலில் சரியும். இதனால் அந்த ஓகஸ்டில் ரிஸ்வான் நிறம் தீர்மானிக்கும் பகுதியை, அதாவது அந்த மொடியூலை, புதிதாக எழுதினான். புதியது முந்திய நாட்களின் மழையையும் சேர்த்துக் கூட்டும்.

அவன் வாரத்தில் பாதி நாள் எங்கள் வெலிமடைக் கிளையில் இருப்பான். எழுதியதை பிளொப்பி டிஸ்கில் போட்டு, பொலித்தீனில் சுற்றி, லீக்ஸ் மரக்கறிக் கட்டுக்குள் செருகி, பதுளை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். எங்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே இருந்த வலைப்பின்னல் அதுதான். கூடவே ஒரு துண்டில் எழுதியிருந்தான்: புதிய மொடியூல்களுக்குத் தனியாக ஒரு அடைவு (போல்டர்) திறக்கவும், இதை அதற்குள் வைக்கவும், வெளியே இருக்கும் பழைய மொடியூல் கோப்பை அழிக்கவும். அவன் சொன்னபடியே செய்தேன். லீக்ஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நிரலை ஓட்டினோம், எல்லாம் பச்சை. ஓகஸ்டில் பச்சைதானே வரும். வெயில் காலத்தில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

செல்வராணி ஒவ்வொரு நாளும் சொன்ன அளவுகளை எடுத்து, கல்குலேட்டரில் இருவரும் தனித்தனியாகக் கூட்டினோம். இருவருக்கும் ஒரே விடை வந்தது. சிவப்புக்கான எல்லையை அது எப்போதோ தாண்டியிருந்தது.

"திகதி பிசகியிருக்குமோ?" என்றேன். காலையில் அளக்கும் மழையை முந்திய நாளின் கணக்கில் எழுதுவது தோட்டத்து வழக்கம். நாங்களும் அப்படியே எழுதினோம். ஒரு நாள் முன்பின்னாகப் போயிருக்கலாம் என்பது என் சந்தேகம். ரிஸ்வான் திரையில் ஓடிப் பார்த்தான். திகதிகள் சரியாக இருந்தன.

"பத்து நிமிஷம் தாங்க மிஸ். பிழை எங்க இருக்கெண்டு புடிச்சிர்றன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் சற்று நிற்கிறேன். பிழை தேடுவதில் ஒரு போதை உண்டு. நம் தொழிலுக்கு வருகிறவர்களில் நல்லவர்களுக்குத்தான் அது கூடுதலாக இருக்கும். ரிஸ்வான் அப்படிப்பட்டவன். அவன் முகம் திரைக்கு அருகே போய்விட்டால் கட்டடம் பற்றி எரிந்தாலும் தெரியாது. அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் எங்களுடையது இல்லை. அது காம்பராவில் இருந்த குழந்தைகளுடையது.

"நிப்பாட்டும் ரிஸ்வான்," என்றேன். "ஏன் பிழை வந்ததெண்டு பிறகு பாப்பம். பிழை எண்டு தெரிஞ்சிட்டுது. அது போதும்."

தோட்டத்தை நடத்தும் துரைக்கு மற்றப் போனில் எடுத்தேன். அவர் சிங்களவர், தோட்டத்திலேயே தமிழ் பழகியவர். பெரட்டுக் களத்தில் பேசும் அதே குரலில்தான் போனிலும் பேசுவார்.

"ஹலோ. காலையில பச்சை சொன்னது. இப்ப என்ன?"

"சிவப்பு, சேர். பணிய லயமும் பிள்ளைக் காம்பராவும்."

"மெசின் சொல்றதா, நீங்க சொல்றதா?"

"நான் சொல்றன்."

"மெசின் என்ன சொல்லுது?"

"மெசின் இன்னும் பச்சை எண்டுதான் சொல்லுது. அது பிழை. இண்டைக்கு அதை நம்ப வேண்டாம்."

மறுமுனையில் அவர் யாருக்கோ சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு, "அப்ப போன மாசம் மெசின் சொன்னது? அதுக்கு முந்தின மாசம்?"

அது நியாயமான கேள்வி. பதில் இருப்பதுபோல் காட்ட ஒரு கணம் ஆசை வந்தது. "தெரியாது, சேர்," என்றேன். "பிள்ளையளை முதல்ல மேல எடுங்கோ. பிறகு என்ன கேட்டாலும் பதில் சொல்றன்."

"கடுதாசி வேணும்."

"இப்பவே வருது. என்ட கையெழுத்தோட."

"சரி. ஸ்கூல் தொறக்கச் சொல்றேன். ஆனா மிஸ், இது பொய்யாப் போனா, நான் பதுளைக்கு வந்து அந்த மெசின் மேல ஏறி ஒக்காந்துக்குவேன்."

"வாங்கோ சேர். தேத்தண்ணி தருவன்."

வெள்ளைத் தாளில் கையாலேயே 'சிவப்பு' என்று எழுதி, தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதி, கையெழுத்திட்டு பெக்ஸில் போட்டேன். அச்சடிக்காமல் எங்கள் அலுவலகத்திலிருந்து போன முதல் நிறம் அதுதான். காத்திருந்த செல்வராணிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பிடிப் போடுங்க மிஸ்!" என்று கத்தினாள். மேடு இறங்கி ஓடும் சத்தமும் கேட்டது. போனை நிறுத்த மறந்துவிட்டாள். கொஞ்ச தூரம் அவளுடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரிஸ்வான் மீண்டும் திரைப் பக்கம் திரும்பினான். நான் இரண்டாவது போனை அவன் கையில் கொடுத்தேன்.

"ஒரு பச்சை பிழை எண்டா, மற்றப் பச்சையளை ஆர் கண்டது?"

அவனுக்கு உடனே புரிந்தது. இருவரும் ஆளுக்கொரு போனில் ஒவ்வொரு தோட்டமாகக் கூப்பிட்டோம். எல்லாருக்கும் சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். அது எளிது. ஆனால் பொய்ச் சிவப்பின் விலை எங்களுக்குத் தெரியும். ஆகவே உண்மையை மட்டும் சொன்னோம்: காலையில் சொன்ன நிறத்தை மீளப் பெறுகிறோம், இப்போதைக்கு உங்களுக்கு நிறம் இல்லை, சரிவின் அடியில் போய்ப் பாருங்கள், புது ஊற்றோ வெடிப்போ இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு தோட்டத்துக் கிளாக்கர் மட்டும் சிரித்தார். "கலர் இல்லாம இருக்கிறது எப்பிடிங்க மிஸ்? பெக்ஸ் மெசின்லயே கறுப்பு வெள்ளைதான் வருது."

எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் ரிஸ்வானுக்கு அவனுடைய பத்து நிமிடத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடம் போதவில்லை.

அவன் புதிய மொடியூலைத் திறந்து வரி வரியாக வாசித்தான். கூட்டல் சரியாக இருந்தது. சிவப்புக்கான எல்லையும் சரியாக இருந்தது. கூட்டிய தொகையைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்து ஓட்டினான். நிறங்கள் வந்தன, தொகை வரவில்லை. இன்னொரு வரி சேர்த்தான். வரவில்லை. அவனுக்குக் கோபம் வந்து, மொடியூலின் நடுவே விசைப்பலகையில் கையை வைத்து அழுத்தி, எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளை ஒரு வரி நீளத்துக்கு நிரப்பினான்.

"இனி ஓடட்டும் பாப்பம்!"

ஓடியது. எந்த முறைப்பாடும் இல்லாமல் எல்லாத் தோட்டத்துக்கும் பச்சை என்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. இவ்வளவு குப்பையை வாசித்த எதுவும் இப்படி அமைதியாக இருக்காது.

"ரிஸ்வான், அது இதை வாசிக்கவே இல்லை."

"வாசிக்குதே மிஸ், பேரைச் சொல்லித்தானே கூப்பிடறன்."

"கூப்பிடுறீர். வாறது ஆர்?"

அவன் விசைப்பலகையை அருகே இழுத்தான். பிறகு நிரலில் ஒரேயொரு வரி சேர்த்தான். பைதனில் எந்த மொடியூலிடமும், நீ எந்தக் கோப்பிலிருந்து வந்தாய் என்று கேட்க முடியும். அது பொய் சொல்லாது. ஓட்டினான். பாதை திரையில் வந்தது. புதிய அடைவின் பெயர் அதில் இல்லை. வெளியே, பழைய இடத்தில் இருந்து வந்திருந்தது.

"அதை அழிச்சாச்சே," என்றேன்.

"அழிச்சது மூலக் கோப்பை, மிஸ்." அவன் குரல் தணிந்திருந்தது. "ஒரு மொடியூலை முதல் முறை வாசிக்கும்போது, அடுத்த முறை கெதியா ஓடறதுக்காக, தனக்கு விளங்கற மாதிரி ஒரு பிரதி எடுத்துப் பக்கத்துலயே வச்சுக்கும். மூலத்தை அழிச்சாலும் பிரதி இருக்கும். நான்தான் துண்டுல அதை எழுதல்ல."

பெரட்டுக் களத்தில் கங்காணி பெயரைக் கூப்பிடுவார். வரிசையில் முன்னால் நிற்கும் யாராவது அந்தப் பெயருக்குக் கை தூக்கினால், மண்வெட்டி அவர் கைக்குத்தான் போகும். அதே பெயருள்ள சரியான ஆள் பின்வரிசையில் நின்றுகொண்டே இருப்பார். பைதனும் அப்படித்தான். அடைவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். நிரல் இருக்கும் அடைவுதான் வரிசையில் முதலாவது. ரிஸ்வானின் புதிய அடைவு கடைசியில் நின்றது. ஓகஸ்டிலிருந்து அந்த டிசம்பர் வரை, நாங்கள் அழித்துவிட்டதாக நினைத்த பழைய மொடியூலே முன்வரிசையில் நின்று கை தூக்கியிருக்கிறது. அது அறிந்ததெல்லாம் ஒரு நாள் மழைதான். தூறல் என்றால் அதற்குப் பச்சை.

இன்றைய பதிப்புகளில் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள், உங்களுக்கு இந்தக் கதை இப்படியே நடக்காது. வேறு வாசலால் வரும். வரும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் திருத்துவது எதையுமே மாற்றவில்லை என்றால், இன்னும் கவனமாகத் திருத்தாதீர்கள். கையை எடுத்துவிட்டு, ஓடுவது இதுதானா என்று கேளுங்கள்.

ரிஸ்வான் அந்தப் பிரதியை அழித்தான். நிரப்பிய குப்பையையும் நீக்கினான். ஓட்டினான். செல்வராணியின் தோட்டத்துக்குச் சிவப்பு வந்தது. இன்னும் இரண்டு தோட்டங்களுக்கு மஞ்சள். மற்றவை பச்சைதான், ஆனால் இம்முறை கூட்டிப் பார்த்த பச்சை. எல்லாருக்கும் மீண்டும் போன் செய்தோம்.

"காலையில பச்சை, பொறவு கலரே இல்ல, இப்ப திரும்பப் பச்சை," என்றார் அதே கிளாக்கர். "கொழும்புல சந்திக்குச் சந்தி லைட் வச்சிருக்காங்களே, அது மாதிரியா மிஸ்?"

மத்தியானத்துக்குப் பிறகு மழை வலுத்தது. யன்னலால் பார்த்தால் பஸ் நிலையமே தெரியவில்லை. செல்வராணி கூப்பிட்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சுங்க. புள்ளைங்க எல்லாம் ஸ்கூல்ல, கரும்பலகை பூரா கிறுக்கிருச்சுங்க. வாத்தியாரு பாவம். அந்தப் பேறுகாலத்துப் புள்ளையை நாக்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. அது வெக்கப்பட்டு மூஞ்சியை மூடிக்கிச்சு."

"லயத்தில ஆரும் மிச்சமோ?"

"ஒரு தாத்தா மட்டும் வர மாட்டேன்னுட்டாரு. கோழியை விட்டுட்டு வரமாட்டாராம். 'எனக்குச் செவப்பு சரி, கோழிக்கு என்னா கலரு? பதுளையில கேட்டுச் சொல்லு'ங்கிறாரு."

"கோழிக்கும் சிவப்பு எண்டு சொல்லுங்கோ."

"சொல்லிட்டேங்க. நீங்க சொன்னதாத்தான் சொன்னேன். இப்ப கோழி ரெண்டாம் வகுப்புல இருக்கு."

ரிஸ்வான் சிரிக்கவில்லை. அவன் ரொட்டியின் மிச்சப் பாதி காலையில் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது.

"மிஸ், இன்னைக்குச் செல்வராணி அக்கா மேடேறி வராம இருந்திருந்தா?"

ஆறுதலாக எதையாவது சொல்லலாம். அவன் அதை நம்பியிருக்க மாட்டான். "ஆனா ஏறி வந்தா," என்றேன். "ஏன் வந்தா எண்டு யோசியும். போன மாசம் வேலியைப் பற்றி அவவோட நீர் அரை மணித்தியாலம் கதைச்சீர். பீர்க்கங்காயை எப்படிச் சமைக்கிறது எண்டெல்லாம் கேட்டீர். நாங்கள் எடுத்தெறிஞ்சு கதைக்கிற ஆக்களா இருந்திருந்தா, பச்சை எண்டு சொன்ன பிறகு எங்களோட வாதாட மூச்சு வாங்க மேடேறி வந்திருப்பாவோ?"

அவன் காய்ந்த ரொட்டியை எடுத்துக் கடித்தான். பிறகு, நான் கேட்காமலே, நிரலின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நிறங்களுக்கு மேலே, மொடியூல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது முதல் வரியாக அச்சாகும். நான் பணியிலிருந்து விலகிய நாள் வரை அந்த வரியைத்தான் முதலில் வாசித்தேன். நீங்கள் இப்போது அதை வீண் வரி என்று நினைத்து எடுத்துவிடப் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை முடியும் நேரம் வரை வேறு செய்தி வரவில்லை. துரையிடமிருந்தும் இல்லை. கேத்தலைக் கழுவிக் கவிழ்த்து, கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் நான் போனை எடுத்ததும் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். அன்று கேட்டது வேறு.

"எங்கயிருந்து கதைக்கிறீங்கள், செல்வராணி?"

"ஸ்கூல் வராந்தாவுல இருந்துதாங்க." இம்முறை அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. "மிஸ், இன்னிக்கு அளவு இல்லைங்க. போத்தல் போச்சு."

"போச்சோ?"

"காம்பராவும்தாங்க. வெடியறதுக்குள்ள மண்ணு எறங்கிருச்சு. தொட்டில் கட்டுற வளையம் மட்டும்தான் வெளிய தெரியுது. லயத்துல பின்பக்கச் சொவரு எதுவும் இல்ல. வேலியும் போச்சு, பீர்க்கையும் போச்சு. ஒங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"ஆக்கள்?"

"எல்லாரும் இருக்கோம். எண்ணிப் பாத்தாச்சு. தொரையும் வந்து எண்ணுனாரு, ரெண்டு தடவை. கோழி முட்டை வச்சிருக்கு. தாத்தா அதை ஒங்களுக்கு அனுப்பணுமுன்னு நிக்கிறாரு."

அந்த நாளின் மழை அளவுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன். குடையை வாளியில் நிறுத்தவும் இல்லை, கேத்தலைப் போடவும் இல்லை. அலுமாரியின் மேல்தட்டில் மேலதிகமாக இருந்த மழைமானியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு நேரே கீழே இறங்கி, பசறை பஸ்ஸுக்குப் போனேன். அந்தக் கொண்டக்டர் எங்கள் பெட்டிகளை வருடக்கணக்காகக் கொண்டுபோகிறவர்.

"செல்வராணிக்குத்தானே? பணிய லயத்து முடக்குல எறக்கிர்றேன். எனக்குத் தெரியாதா?"

பெட்டியிலும் அந்த விலாசம்தான் எப்போதோ என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே புதிய இடத்தை எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு நிறுத்தி, பழைய வரியை ஓர் எழுத்தும் தெரியாதபடி அடித்தேன். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதினேன்.